முதல் மூன்று நாள்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் ஜங்ஷனில் இரண்டு கூட்டம் இறங்கும். ஒன்று, பெட்டியும் கூடையும் தண்ணீர் கேனுமாகக் கோடை விடுமுறைக்குப் போகிற கூட்டம். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். இன்னொன்று, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் தொடங்கி ஒரு வார காலத்துக்கு, ஒவ்வொருவராக வந்து இறங்குகிற பிள்ளைகள். முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை ஓரமாக நின்றுகொண்டே வந்திருப்பார்கள். கையில் பை இருக்காது. பிளாட்பாரத்தின் கடைக்கோடிக்குப் போய், யாருக்கோ காத்திருப்பதுபோல் உட்கார்ந்துகொள்வார்கள். அடுத்தடுத்து நாலு வண்டி வந்து போன பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர்கள் அவர்களைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் ஒரு தவணை உறுப்பினராக இருந்தேன். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. நியமன ஆணை கைக்கு வந்த அன்று அந்த வரியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சரிங்க நடுவரய்யா, கேஸ் தீந்துபோச்சு, ஒரு போனைப் போடுங்க" என்றாள் என் மனைவி.

யாருமில்லாமல் நிற்கிற பிள்ளை எவர் கண்ணில் பட்டாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். குழு அமராத நேரமாக இருந்தால் ஓர் உறுப்பினரிடம் அழைத்துவந்து, அவர் சம்மதத்தோடு ஒரு தங்குமிடத்தில் விடலாம். ஆகவே இரவு பதினொரு மணிக்கும் என் வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், வாத்தியாரைப் போலீஸ் தேடி வந்திருக்கிறது என்று விடிவதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். சீருடையில் இருக்கிற போலீஸைக் கண்டால் பிள்ளை மிரளும் என்பதால், பிள்ளைகளிடம் பேசுகிறவர்கள் சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்பது விதி. வழக்கமாக வருகிற அந்தப் பெண் காவலருக்கு உடை மாற்ற நேரம் ஏது? சீருடைக்கு மேல் ஒரு பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு வருவார். மே மாத வெக்கையில் சால்வை போர்த்திய ஒருவரைப் பார்த்து, காய்ச்சலா என்று ஒரு பொடியன் விசாரித்தான். தான் பயந்திருக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டான்.

அந்தப் பிள்ளைகளை நாங்கள் அனுப்பிவைத்த இடம் ஓப்பன் ஷெல்டர். தமிழில் தற்காலிகத் தங்குமிடம் என்று எழுதுவோம். வாயில் வருவது ஷெல்டர்தான். 2009-10இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் வந்தபோது, நகரங்களில் தெருவிலும் ரயில் நிலையத்திலும் திரிகிற பிள்ளைகளுக்காக இப்படிப்பட்ட இடங்களுக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. ஓர் இடத்துக்கு 25 பிள்ளைகள் என்று கணக்கு. நடத்துவது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள், பணம் அரசாங்கத்துடையது. இப்போது அந்தத் திட்டத்துக்கு மிஷன் வாத்சல்யா என்று பெயர். செலவில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. குழந்தைகள் இல்லத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இல்லம் வருஷக்கணக்கில் தங்கிப் படிப்பதற்கு. ஷெல்டர் இடைப்பட்ட காலத்துக்கு. வீட்டைவிட்டுக் கிளம்பியாகிவிட்டது, அடுத்து எங்கே என்று தெரியவில்லை என்கிற அந்தக் கொஞ்ச நாளுக்கு.

எங்கள் ஷெல்டர் ஒரு பழைய அரிசி மண்டிக்கு மேல்மாடி. பெரிய கூடம் ஒன்று, பாய், தலையணை, கொசுவலை, சுவரோரமாகப் பூட்டுப் போட்ட அலமாரிகள், ஒரு டிவி, இரண்டு கேரம்போர்டு, அதில் ஒன்றுக்கு ஸ்டிரைக்கர் கிடையாது. ஃபினாயில் வாசனையும் சாம்பார் வாசனையும் கலந்து வரும். மானியம் நேரத்துக்கு வராத மாதங்களில் மண்டிக்காரர் கணக்கில் அரிசி ஏறும். அவர் ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. அவரும் பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, இதே ஜங்ஷனில் இறங்கி, மூட்டை தூக்கி மண்டி முதலாளி ஆனவர் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

புதிதாகச் சேர்ந்த உற்சாகத்தில், வருகிற பிள்ளைக்கெல்லாம் அறிவுரை சொல்வது என் கடமை என்று இருந்தேன். பள்ளிக்கூடத்து நாக்கு லேசில் அடங்காது. திருக்குறளிலிருந்து ஒரு அதிகாரம், பெற்றோர் படும் பாடு, தோல்வியே வெற்றியின் படிக்கட்டு என்று ஒரு சொற்பொழிவையே தயாராக வைத்திருந்தேன். முதலில் அது ஒரு தர்மபுரிப் பையனுக்குக் கிடைத்தது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ரொம்பவும் ஈடுபட்டுக் கேட்கிறானே என்று நான் குரலை இன்னும் உயர்த்தினேன். கொஞ்ச நேரத்தில்தான் தெரிந்தது, பையன் தூங்கி விழுந்துகொண்டிருக்கிறான். இரண்டு ராத்திரி ரயிலில் நின்றபடி வந்தவன்.

"வாத்தியாரய்யா, அவனைப் படுக்க உடுங்க. குறள் எங்கயும் போயிராது" என்றார் சமையலக்கா.

சமையலக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷெல்டரில் பட்டம் வாங்கிய ஆற்றுப்படுத்துநர் இருந்தார், களப்பணியாளர் இருந்தார், பொறுப்பாளர் இருந்தார். எல்லாரையும்விடக் குறைந்த சம்பளம் சமையலக்காவுக்கு. அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: வந்து மூன்று நாளைக்கு எந்தப் பிள்ளையிடமும் ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது. சாப்பிட்டாயா என்று கேட்கலாம். வெந்நீர் வேண்டுமா என்று கேட்கலாம். காலில் செருப்புக் கடித்திருந்தால் தேங்காயெண்ணெய் தரலாம். அவ்வளவுதான். அரசாங்கச் சட்டம் 24 மணி நேரத்துக்குள் பெயர், ஊர், தகப்பன் பெயர், வந்த காரணம் எல்லாவற்றையும் படிவத்தில் நிரப்பச் சொல்கிறது. இந்த அம்மாள் மூன்று நாள் வாயைத் திறக்காதே என்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? எங்கள் தலைவர் நல்ல அனுபவசாலி. பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுவோம், சொல்லாததை வெறுமையாக விடுவோம், வெற்றிடமும் ஒரு பதில்தான் என்றார். சினிமா நடிகர்கள், கிரிக்கெட்காரர்கள் பெயரெல்லாம் எங்கள் பதிவேட்டில் இடம்பெற்றது அப்படித்தான்.

என் தாத்தா வீட்டில் நீளமான திண்ணை ஒன்று இருந்தது. சந்தைக்குப் போகிறவன், பழனிக்கு நடந்து போகிறவன், மாட்டை ஓட்டிப் போகிறவன் எல்லாரும் ராத்திரி அதில் படுத்து எழுந்து போவார்கள். பாட்டி ஒரு செம்புத் தண்ணீர் வைப்பாள். யார், எவர், என்ன காரியமாகப் போகிறாய் என்கிற கேள்வியெல்லாம் காலையில் பல் துலக்கிய பிறகுதான். ஒரு அரசாங்கம் தன் பணத்தில் திண்ணை கட்டினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் ஷெல்டர் இருக்க வேண்டும் என்று போகப்போக எனக்குப் பட்டது. என்ன, திண்ணையில் படுத்தவனுக்குப் பதிவேடு கிடையாது.

இதில் நான் மறக்காத பையன் ஒருவன். பதினைந்து வயது. ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் இரவு கொண்டுவந்தார்கள். ஒரு நடிகர் பெயரைச் சொன்னான். ஊர் கேட்டதற்குச் சுவரைப் பார்த்தான். பரீட்சையில் ஃபெயிலாகி ஓடிவந்தவன் என்று நாங்கள் எல்லாருமே முடிவு கட்டிவிட்டோம். மே மாதம் வேறெப்படித் தோன்றும்? ஒன்றரை நாள் தூங்கினான். எழுந்தான், சாப்பிட்டான், மறுபடி தூங்கினான். மூன்றாம் நாள் மதியம், எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் தன் கொசுவலையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கிழிசலைச் சரி செய்துகொண்டிருந்தான். அறுந்த நூலை எடுத்து, விரலைப் பார்க்காமலே ஒரு சுற்று, ஒரு இழுப்பு. முடிச்சு எங்கே என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது.

சமையலக்கா என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டார். "ஏனுங் வாத்தியாரய்யா, பாத்தீங்களா? இவன் தறி ஓட்டற ஊட்டுப் பையனுங்க. இழை அறுந்தா நாங்க இப்படித்தான் முடியறது."

அவர் வீட்டுக்காரர் விசைத்தறியில் வேலை பார்த்தவர். எங்கள் மேற்கு மாவட்டங்களில் பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர்ப் பக்கம் போனால் தெருத்தெருவாக அந்தச் சத்தம் கேட்கும். நானாக இருந்தால் அப்போதே போய், 'தம்பி, உங்கள் வீட்டில் தறி இருக்கிறதா?' என்று ஆரம்பித்திருப்பேன். அக்கா போகவில்லை. ராத்திரி வெங்காயம் உரிக்கிற சாக்கில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "எங்கூட்டுப் பக்கத்துல ராவெல்லாம் தறி ஓடும். அந்தச் சத்தம் இல்லாட்டி எனக்குத் தூக்கமே வராது சாமி."

பையன் தலை நிமிரவில்லை. "எனக்கு அந்தச் சத்தம் நின்னாத்தான் தூக்கம் வரும்" என்றான்.

அதற்குப் பிறகு அவனே சொன்னான். 500க்கு 381 மார்க். ஃபெயிலாகவில்லை என்பது மட்டுமல்ல, அவன் பள்ளியில் அது மூன்றாமிடம். அக்கா கல்யாணத்துக்கு அப்பா பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். இரண்டு வருஷமாகக் கழித்தும் கடன் கரையவில்லை. அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து ராத்திரி ஷிப்ட் போக முடியவில்லை. பள்ளி முடிந்ததும் பையனை ராத்திரிக்கு அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ரிசல்ட் வந்த அன்று தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். மறுநாள் பட்டறைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பையன் மிட்டாய்க் காசில் மீதி இருந்ததை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டான்.

ஊர் தெரிந்ததும் வீட்டுக்குத் தகவல் போனது. மறுநாளே அம்மாவும் அப்பாவும் வந்துவிட்டார்கள். அப்பா ஒட்டிய கன்னம், தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு. வந்ததும் வராததுமாக உச்சக் குரலில் பேச ஆரம்பித்தார். ஆற்றுப்படுத்துநர் பெண் சின்ன வயது, பயந்துபோனார். 'ஆக்ரோஷமானவர்' என்று குறிப்பும் எழுதிவிட்டார். சமையலக்கா அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தறிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள். அந்த இரைச்சலில் இருபது வருஷம் நின்றவருக்குக் காது மந்தம். அவர் மகனைப் பார்த்துக் கத்திச் சொன்னது என்னவென்றால், "சாப்பிட்டியாடா?"

இந்த இடத்தில்தான் எங்கள் வேலையின் கஷ்டமே இருந்தது. பிள்ளை கிடைத்துவிட்டான், பெற்றோர் வந்துவிட்டார்கள், அம்மா அழுகிறாள், ஆதார் அட்டையில் பெயர் சரியாக இருக்கிறது. ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டால் ஃபைல் முடிந்தது. மாதாந்திர அறிக்கையில் 'பெற்றோருடன் சேர்த்துவைக்கப்பட்டோர்' என்கிற கட்டத்தில் ஒன்று கூடும். அந்தக் கட்டத்தில் எண் கூடினால் எல்லாருக்கும் திருப்தி. சட்டமும் குடும்பத்தோடு சேர்ப்பதைத்தான் முதலாவதாகச் சொல்கிறது. நிறுவனத்தில் வைப்பது கடைசி வழி. ஆனால் இவனை அன்று சாயங்காலம் அனுப்பினால் ராத்திரி ஷிப்டுக்கு நேரம் சரியாக இருக்கும்.

தலைவர் பெற்றோரிடம் தன்மையாகச் சொன்னார்: "பையன் ஒரு வாரம் இங்க இருக்கட்டும். நீங்க தினமும் வந்து பாருங்க. பஸ் காசு இல்லைன்னா போன் பண்ணுங்க." வீட்டு நிலைமையை நேரில் போய் விசாரித்து 15 நாளைக்குள் அறிக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் இடமிருக்கிறது, இறுதி ஆணைக்கு நான்கு மாதம் வரை நேரம் உண்டு. அந்தக் கால அவகாசத்தைத் தாமதம் என்று திட்டுகிறவர்களோடு முன்னால் நானும் சேர்ந்துகொள்வேன். கோபம் ஆறுவதற்கும் வெட்கம் தணிவதற்கும் அந்த நாட்கள் வேண்டும் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது. வெட்கம் பையனைவிட அப்பாவுக்குத்தான் அதிகம். முதல் நாள் கூடத்துக்குள்ளேயே வராமல் படிக்கட்டில் நின்றவர், நாலாம் நாள் வந்து மகனோடு கேரம் ஆடினார். ஸ்டிரைக்கர் இல்லாத போர்டில்தான்.

களப்பணியாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரே ஓட்டு வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை. சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழ், சில விலக்குகள் நீங்கலாக, எந்த வேலையும் கூடாது; 14 முதல் 18 வரை அபாயமான தொழில்களில் மட்டும் கூடாது. பையனுக்கு 15. வயதைக் காட்டி வாதாடினால் இழுத்துக்கொண்டே போகும். ஆனால் முன்பணத்துக்கு உடம்பை அடகு வைப்பது 1976ஆம் ஆண்டிலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் தடுக்கப்பட்டுவிட்டது. தலைவர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தின் நகல் முதலாளி கைக்குப் போனதும், 'பையனை யாருங்க கேட்டா? அவங்கப்பாதான் அனுப்பறேன்னாரு' என்று அவரே நேரில் வந்துவிட்டார். மிச்சக் கடன் தொடர்பாக வேறு அலுவலகத்தில் வேறு பேச்சு நடந்தது. அதெல்லாம் நீளமான கதை. பையன் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தான். மாதாந்திர ஆதரவுத் தொகைக்கு மனுப் போட்டோம். அது வந்து சேர அரையாண்டுப் பரீட்சை ஆகிவிட்டது.

எல்லாம் சுபம் என்று நான் முடித்திருப்பேன். டிசம்பரில் மறுபடி கிளம்பிவிட்டான். இந்தத் தடவை ரயில் ஏறவில்லை. டவுன் பஸ்ஸைப் பிடித்து நேரே ஷெல்டருக்கே வந்து, சமையலக்காவிடம், "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா. அப்பாகூடச் சண்டை. நாளைக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிருங்க" என்றானாம். பொறுப்பாளர் என்னைப் போனில் அழைத்து, இது விதிப்படி எந்த வகையில் வரும் என்று கவலையோடு கேட்டார். பிள்ளை தானாகவே குழுவின் முன்னால் வந்து நிற்கலாம் என்று சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் படித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் அப்பா வந்து கூட்டிப்போனார். நான் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடுகிற பிள்ளை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று தெரிந்துகொண்டான் அல்லவா?

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. ஜார்க்கண்டிலிருந்து திருப்பூர் வேலைக்கு என்று யாரோ அழைத்துவந்து, ஆலப்புழை வண்டியில் தவறவிட்ட சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் ஊர்ப் பெயர் எந்த வரைபடத்திலும் சிக்கவில்லை. அந்த மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பதில் எழுத, போலீஸ் துணை கிடைக்க, டிக்கெட் எடுக்க என்று குறுகிய காலத் தங்கல் மாதங்களாக நீண்டது. போகும்போது நல்ல தமிழ் பேசினான். அதில் பாதியை அவன் அம்மா முன்னால் சொல்லாமல் இருந்தால் நல்லது.

திரும்பவே அனுப்பக் கூடாத பிள்ளைகளும் உண்டு. பெண்பிள்ளைகளுக்குத் தங்குமிடம் தனி. அங்கே தங்க ஒரு பெண் வந்தாள். அவளை யாரும் கொண்டுவரவில்லை. பதினேழு வயது. குழு அமர்ந்திருந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். மார்க் ஷீட், டி.சி., ஆதார், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில். தாய்மாமனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்துவிட்டார்கள். "வீட்டை விட்டு ஓடி வந்துட்டியாம்மா?" என்று நான் கேட்டேன். "இல்லீங்க சார். பஸ்ஸுல வந்தேன், டிக்கெட் இருக்கு" என்று காட்டினாள். எங்கள் குழுவிலிருந்த பெண் உறுப்பினர் அன்று முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் கையில் இருந்ததால் கல்யாணத்தை நிறுத்துவது அத்தனை சிரமமாக இல்லை. சமூகநலத் துறை அலுவலர் போய்ப் பேசினார், எழுதி வாங்கினார். அதற்கப்புறம்தான் சிரமம். எழுதிக் கொடுத்த கையோடு அந்த வீட்டார் சொன்னது: "பதினெட்டு ஆகட்டும், பாத்துக்கறோம்." அவளுக்குப் பதினெட்டு ஆக ஏழெட்டு மாதம்தான் இருந்தது. குழுவின் அதிகாரமும் பதினெட்டோடு முடிகிறது. இல்லத்திலேயே வளர்ந்தவர்களுக்குப் பிற்காப்பு என்று 21 வயது வரை உதவி செய்ய ஏற்பாடு இருக்கிறது. இவள் எங்கும் வளர்ந்தவள் அல்ல. நேற்றுவரை வீட்டில் இருந்தவள். குறுகிய காலம் என்று ஷெல்டருக்கு ஒரு வரம்பு போட்டுவிட்டோம், அவளுடைய ஆபத்துக்கு அந்த வரம்பு தெரியாது. கடைசியில் அவளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்து, பன்னிரண்டாம் வகுப்பு எழுதவைத்து, இல்லத்திலிருந்து வெளியேறுகிறவள் என்கிற முறையில் பிற்காப்புக்குத் தகுதியாக்கினார் எங்கள் தலைவர். வளைத்ததுதான். ஆனால் எதையும் உடைக்கவில்லை. நர்ஸிங் படித்துக் கோவையில் வேலையில் இருக்கிறாள் என்று கேள்வி.

வயதான காலத்தில் சட்டப் புத்தகம் படிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. 1920இலேயே, இந்தியாவில் முதலாவதாக, சென்னை மாகாணத்தில் பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் வந்திருக்கிறது. வங்காளத்தில் 1922, பம்பாயில் 1924. திருடிய பிள்ளையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒரே கூரையின் கீழ் பூட்டிவைத்த காலம் அது. அதன் மிச்சம் இன்னும் ஜனங்கள் வாயில் இருக்கிறது. சேட்டை செய்கிற பையனை "ஹோம்ல போட்டுருவேன்" என்று மிரட்டாத தாயார் எத்தனை பேர்? அப்படி மிரட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, நெருக்கடியில் போய்த் தங்க அரசாங்கத்தில் ஓர் இடம் இருக்கிறது என்றால் நம்புமா? ஷெல்டர் படியேறும்போது பாதிப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது கதவில் பூட்டு இருக்கிறதா என்றுதான். எங்கள் ஷெல்டரில் பகலில் பூட்டுவதில்லை. அதனால் ஒன்றிரண்டு பேர் சொல்லாமல் போனதும் உண்டு. பூட்டலாமா என்று கூட்டம் போட்டுப் பேசி, வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று, 2022இல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதலில் இருக்கிறது. ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பராமரிக்க மாதம் 3,000 ரூபாய். அதே பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்துப் படிக்கவைக்க ஆதரவுத் தொகை மாதம் 4,000 ரூபாய். வெளியே அனுப்புவதற்கு அதிகமாகக் கொடுக்கிற அரசாங்கத் திட்டம் அபூர்வம். எழுதிய அதிகாரி யாரோ, விவரம் தெரிந்தவர். என் காலத்தில் அந்தத் தொகை 2,000தான். தறிக்காரர் பையனுக்குக் கிடைத்ததும் அதுதான். அதுவும் தாமதமாக. பணம் எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் அந்த வீட்டில் பெரிய கேள்வியாக இருந்தது. ஜூன் மாதம் வர வேண்டியது டிசம்பரில் வந்தால், நடுவில் பட்டறைக்காரர் ஆள் அனுப்பிக்கொண்டே இருப்பார்.

இப்போது உறுப்பினர் பதவியெல்லாம் இல்லை. சாயங்காலங்களில் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சமையலக்கா இன்னும் இருக்கிறார். முழங்கால் வலி என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் தோசை வார்க்கிறார். புதிதாக வந்த குழு உறுப்பினர் ஒரு வக்கீல், சுறுசுறுப்பான பிள்ளை. போன வாரம் வந்த பையன் ஒருவனை முதல் ராத்திரியே உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா அவர் முன்னால் ஒரு தட்டில் இரண்டு தோசை வைத்து, "சாப்பிட்டுட்டுப் பேசுங்க வக்கீலய்யா, ஆறிரும்" என்றார். இன்னொரு தட்டு பையனுக்கு. வக்கீலுக்குச் சாப்பிட்டபடி எழுதத் தெரியவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

ரயிலில் போகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? 1098க்கு போன் செய்யுங்கள். ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். 2023இலிருந்து அதை அரசாங்கமே நடத்துகிறது, 112ஓடும் இணைத்திருக்கிறார்கள். ஜங்ஷன் என்றால் ரயில்வே பாதுகாப்புப் படை அறையிலும் சொல்லலாம். ஆள் வருகிறவரை கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளுங்கள். ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால் தப்பில்லை. ஊர் பேர் கேட்க வேண்டாம், அதைக் கேட்பதற்கென்று நாலு பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.